பெரட்டுக்கு நின்ற மீன்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் நீந்துகிற ட்ரவுட் மீன் ஒவ்வொன்றுக்கும் ஆட்களின் பேர் பதிகிற தோட்டத்துச் செக்ரோலில் பேர் இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மீசை இருந்தது, கல்யாணம் ஆகியிருந்தது, மூன்றாம் வகுப்பு வரை படிப்பும் இருந்தது. இவ்வளவும் இருந்தும் நம்பினேன்.

காரணம் இல்லாமல் நம்பவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரை வருஷத்துக்கு ஒரு தடவை நுவரெலியாவிலிருந்து லொறியில் தகர டின்களில் மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து எங்கள் ஆற்றில் விடுவார். ஒவ்வொரு டின்னைக் கவிழ்க்கும்போதும் கரையில் நின்று ஒரு சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதுவார். குஞ்சுகள் வளர்ந்த பிறகு தூண்டிலில் ஒன்று மாட்டினால், வலைப் பிடியில் வெட்டியிருக்கும் கோட்டோடு அதை வைத்துப் பார்ப்பார். கோட்டுக்குக் குறைந்தால், "சின்னப் பொடியன். வயசு இல்லை" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கோட்டைத் தாண்டினால் மண்டையில் ஒரு தட்டு, புத்தகத்தில் ஒரு வரி. எங்கள் கதையும் அதுதானே? எங்களையும் லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வயசு வராத பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்கள், வயசு வந்ததும் பேர் பதிந்தார்கள். இத்தனை பேரை எண்ணி வைத்திருக்கிற மனுசன் மீனை மட்டும் எண்ணாமலா விட்டிருப்பார்?

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், மூன்று மலைகளுக்கு நடுவே ஓடுகிற ஆறு அது. அதற்கு என்னைக் காவல் போட்டிருந்தார்கள். துரை மீன் பிடிக்க வருகிற காலையில் தூண்டில் கம்பையும் வலையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். மற்ற நேரத்தில் ஆற்றோரமாக நடப்பேன். துணி துவைக்க யாரும் இறங்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, நீர்நாய் வந்தால் கல்லால் அடிக்க வேண்டும். மீன் பிடித்து முடிந்ததும் தூண்டிலின் பட்டுக் கயிற்றை இரண்டு கம்பங்களுக்கு இடையில் இழுத்துக் கட்டிக் காயப்போட வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாள் சம்பளமாக முழுப் பேர் போட்டார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கை காய்த்துப் போனவனுக்கு இது மாமனார் வீட்டு விருந்து.

வேலையைவிட முக்கியமான இன்னொன்றும் கிடைத்திருந்தது. அதுவரை நானும் என் மனைவியும் லயத்து வரிசை வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில், ஒற்றை அறையில் இருந்தோம். நடுவில் ஒரு சாக்குத் திரை. அண்ணன் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் நான் தொண்டையைச் செருமுவேன். ஆற்றுக் காவல்காரன் ஆற்றுக்குப் பக்கத்து லயத்தில்தான் இருக்க வேண்டும் என்று துரை சொன்னதால் எங்களுக்கென்று தனிக் காம்பரா கொடுத்தார்கள். இந்தச் சம்பவம் நடந்தபோது அவள் ஏழு மாதக் கர்ப்பம். அந்தக் காம்பராவை ஒரு நாளைக்கு இரண்டு தடவை சாணம் போட்டு மெழுகுவாள்.

எனக்கு முன்னால் காவல் இருந்தவர் ஒரு மீனைப் பிடித்துப் பொரித்துச் சாப்பிட்டார். பொரித்த வாசம் லயத்தின் பத்துக் காம்பராவையும் தாண்டி, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் வீடு வரைக்கும் போனது. அந்த வாரமே அவர் கையில் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டிக் கொடுக்கிற தாள். அதை வாங்கியவனுக்கு வேலையும் இல்லை, காம்பராவும் இல்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எல்லாரும் தாளும் கையுமாக அலைந்த காலம் அது. பேர் வெட்டின ஆளை அடுத்த தோட்டம் சுலபத்தில் ஏற்காது. அவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு மூட்டை தூக்கிக்கொண்டு ஹட்டன் ரோட்டில் இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அந்தக் காம்பராதான் எங்களுக்கு வந்தது.

பங்குனி மாதம். பனி விட்டுப்போய், மழை இன்னும் பிடிக்காத நாட்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன் பிடிக்க அதைவிட நல்ல காலம் இல்லை என்பார் துரை. ஒரு நாள் அவர் என்னைப் பாலத்துக்கு மேலே ஆறு ஆழமாகிற மடுவுக்குக் கூட்டிப்போனார். மடுவின் அந்தக் கரையில் யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை. கைத்தடியால் அதைக் காட்டினார்.

"அங்க பாரு மேன். பெரியவன் இருக்கு. பாத்தியா?"

பாறைக்கு முன்னால், மணல் தெரிகிற இடத்தில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தேங்க தொர."

"மூணு வாரத்தில வி.ஏ. துரை வாறது. அவருக்கு இந்த மீன். ஒருத்தனும் தொடக் கூடாது. மீன் போனா நீயும் போ."

வி.ஏ. துரை என்பவர் கொழும்புக் கம்பெனிக்காகத் தோட்டத்தைப் பார்வையிட வருகிற பெரிய துரை. எங்கள் துரைக்கே துரை. அவர் வருகிறார் என்றால் தேயிலை ஸ்டோரிலிருந்து பங்களா வரை சுண்ணாம்பு அடிப்பார்கள். அவருக்கு மீன் பிடிப்பதென்றால் உயிர்.

மூன்று வாரம் நான் அந்த மீனைக் காத்தேன். காலையில் போய் முகத்தைக் காட்டுவேன், சாயங்காலம் போய் முகத்தைக் காட்டுவேன். கட்டின பெண்டாட்டியை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று அவளே குறை சொன்னாள். மீன் அந்த மணலைவிட்டு நகரவில்லை. எனக்கும் அதற்கும் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது.

வி.ஏ. துரை வருவதற்கு முதல் நாள் மத்தியானம். துரை பங்களாவிலிருந்து தூண்டில் கம்பைக் கொடுத்தனுப்பி, பட்டுக் கயிறு சரியாக ஓடுகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருந்தார். கயிற்றின் நுனியில் பொய்ப் பூச்சியும் கட்டியிருந்தது. புழுவோ மாவோ கிடையாது. கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி செய்திருப்பார்கள். கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்தப் பூச்சியைத் தண்ணீரில் மெதுவாக இறக்குவார்கள். நிஜ ஈ என்று நினைத்து மீன் வாயைத் திறக்கும்.

பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டு வந்தாள். நான் சும்மா சாப்பிட்டிருக்கலாம். ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு வியாதி: யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கோமாளித்தனம் பண்ணாமல் இருக்க முடியாது. தலைப்பாகையைத் துரையின் தொப்பி மாதிரி மடக்கி வைத்துக்கொண்டேன். வயிற்றை முன்னால் தள்ளினேன். ஒரு புருவத்தைத் தூக்கினேன்.

"ஏய் மேன்! சத்தம் போடாத மேன்! மீன் தூங்குது மேன்!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, வயித்துப் புள்ள கலங்குது, நிறுத்துங்க!"

நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு ஏறிவிட்டது. கம்பைத் தூக்கிப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு. துரைகூட அவ்வளவு அழகாக வீசியதில்லை. பூச்சி மிதந்து மிதந்து போய் மணலுக்கு நேர் மேலே இறங்கியது.

தண்ணீர் வாயைத் திறந்தது. கம்பு வளைந்தது.

துரையாக இருந்தால் கயிற்றை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கால் மணி நேரம் விளையாடியிருப்பார். எனக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வந்தது? கிணற்றில் விழுந்த வாளியை இழுக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. மீன் தண்ணீரைவிட்டு எழும்பி, என் தலைக்கு மேலே பறந்து, பின்னாலிருந்த கல்லில் மண்டை அடிபட்டு விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கித் தண்ணீரில் விட்டேன். மல்லாந்தது. நிமிர்த்தினேன். மல்லாந்தது. வாயைப் பிளந்து ஊதிக்கூடப் பார்த்தேன். மீனுக்கு மூச்சு ஊதிய முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

"செத்துருச்சுங்க" என்றாள் அவள். சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றிருந்தது.

"இல்ல புள்ள, மயக்கம்."

"மயக்கமா? கண்ணப் பாருங்க. சந்தையில பாக்குற கண்ணு."

 கரையில் உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இரண்டு துரைமார் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். மீன் எங்கே என்பார்கள்.

"நீர்நாய் தின்னுருச்சுன்னு சொல்லிருவமா?" என்றேன்.

"நீர்நாயை வெரட்டத்தானே ஒங்கள வச்சிருக்காங்க."

"எவனோ திருடிட்டான்னு சொன்னா?"

"திருடனப் புடிக்கவுந்தான்."

"தானாச் செத்துப்போச்சுன்னா?"

"மண்டையில அடிபட்டா? ரோட்டுல காடிக்கு முன்னால குறுக்கப் போச்சாக்கும்?"

 அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முதுகை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிகிற எங்கள் லயத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த வயித்தோட மறுபடியும் அந்தச் சாக்குத் திரைக்கா போறது?" என்றாள். கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

எரிச்சலில் அவளே இன்னொன்றும் சொன்னாள். "பேசாம பெரட்டுல காச்சக்காரன நிறுத்துவீங்களே, அதே மாதிரி இதையும் நிறுத்தி வைங்க போங்க."

அவள் குத்தலாகத்தான் சொன்னாள். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். அந்த நேரத்தில் இல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது. அதனால் யாருக்காவது காய்ச்சல் என்றால் கம்பளியைப் போர்த்தி, வரிசை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தோளால் முட்டுக்கொடுத்துக்கொள்வோம். பேர் கூப்பிட்டதும் பின்னால் நிற்கிறவன் "ஆஜர்" என்பான். கண்டக்டர் கோடு போடுவார். பிறகு மலைக்குக் கூட்டிப்போய்த் தேயிலைச் செடிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, அவன் வேலையை நாங்கள் பங்குபோட்டுக்கொள்வோம். எங்கள் தோட்டத்தில் நிற்கிற மாதிரி நின்றால் போதும், உயிரை யாரும் சோதிப்பதில்லை.

மீனையும் நிறுத்தினேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கிலிருந்து சணல் பிரி உருவி, மீனின் கீழ்த்தாடை வழியாகக் கோத்து, மறு நுனியை ஒரு கல்லில் கட்டி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அந்த மணலிலேயே வைத்தேன். ஓட்டம் வாலை ஆட்டியது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நேற்றைய மீனேதான்.

"எப்புடி?" என்றேன், பல் கிடுகிடுக்க.

"ஒங்களவிட அது நல்லா நடிக்குது" என்றாள்.

மறுநாள் பெரட்டு முடிந்து, கம்பைப் பங்களாவில் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆற்றுக்கு ஓடிவந்தேன். என் காய்ச்சல்காரன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தான். உடம்பு விறைத்துக் கட்டை மாதிரி ஆகியிருந்தது. மேலே ரோட்டில் துரையின் கார் ஹாரன் கேட்டது. ஐஸ் தண்ணீரில் குதித்தேன். ஒரு கூழாங்கல்லை எடுத்து அதன் வாய்க்குள் விட்டுத் தொண்டையைத் தாண்டி விரலால் தள்ளினேன். கனம் வயிற்றுக்குப் போனதும் மீன் புரண்டு நிமிர்ந்தது. கரையேறி வலையைக் கையில் எடுத்தபோது துரைமார் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்னா மேன், நனைஞ்சிருக்கு?"

"நீர்நாய் வெரட்டினேங்க தொர."

துரைக்குச் சந்தோஷம். வி.ஏ. துரையிடம் இங்கிலீஷில் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த நெட்டை மனுசர் என் தோளில் தட்டினார். பாராட்டு வாங்கிய இடம் எரிந்தது.

வீச ஆரம்பித்தார்கள். நான் வி.ஏ. துரைக்கு இரண்டு முழம் பின்னால் வலையோடு நின்றேன். ஒவ்வொரு வீச்சுக்கும் என் கண் அவர் கயிற்றோடு முன்னும் பின்னும் போய்வந்தது. பூச்சி என் மீனுக்குக் கிட்டே இறங்கவில்லை. ஒரு முழம் தள்ளி, பாறையின் நிழல் ஓரமாகவே போய் விழுந்தது. ஒரு தடவை அல்ல, பத்துத் தடவை. இந்த ஆளுக்குக் குறி சரியில்லை, கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்தேன்.

பூச்சியை மாற்றினார்கள். மறுபடி வீச்சு. ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் துரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. காலையில் மலை பார்க்கும்போது வி.ஏ. துரை எதற்கோ கோபப்பட்டிருக்கிறார் என்று கண்டக்டர் பிறகு சொன்னார். துரை குனிந்து என் காதில் கேட்டார்.

"அங்க ஒரு மீன் தெரியுது. ஏன் அசையவே இல்லை?"

"தூங்குதுங்க."

"இவ்வளவு நேரமா?"

"வயிறு நெறஞ்சிருக்குங்க தொர."

அந்தக் காலையில் அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை அது.

துரை என் முகத்தைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். மேல்கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து நெற்றிக்கு மேல் வெயிலுக்கு மறைப்பு வைத்தார். எனக்குக் கண்ணுக்குள் லயத்து வாசலில் மூட்டை கட்டி வைத்திருப்பது தெரிந்தது. மூட்டைக்குப் பக்கத்தில் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. துரை வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போன நேரத்தில் பாறை நிழலில் தண்ணீர் வெடித்தது.

வி.ஏ. துரையின் கம்பு வளைந்தது. கம்பின் அடியிலிருந்த கயிற்றுச் சுருள் கிர்ரென்று கத்தியது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஏதோ ஒன்று மடுவின் அடிக்கு ஓடியது, திரும்பியது, நேராக என் மீனுக்குக் கீழே பாய்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மீன் கிளம்பியது. மணலைவிட்டுக் கல்லோடு, சணலோடு, அந்தப் புது மீனுக்குப் பின்னாலேயே மடுவைச் சுற்றிப் போனது. சாகடித்த மீன் நீந்துகிறது. எனக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் வாயில் வந்தது. பிறகுதான் புரிந்தது, தூண்டில் கயிறு சணலில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"நெட்! நெட்!" என்று இரண்டு துரைமாரும் கத்தினார்கள்.

மார்பளவு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பிலிருந்த பேனாக்கத்தியால் சணலை அறுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று இருந்தேன். விரல் மரத்துப்போய்க் கத்தி விரியவில்லை. மேலே கம்பு ஒடிகிற மாதிரி வளைந்திருந்தது. இதற்கு மேல் காத்திருந்தால் அந்த மீனும் போய்விடும். வலையை அடியில் கொடுத்து வாரித் தூக்கினேன். இரண்டு மீனும் ஒரு கல்லும் சேர்ந்து வந்தன.

கரையில் வலையை வைத்தேன். துரைமார் இருவரும் குனிந்தார்கள். உயிருள்ள மீன் வலையைக் கிழிக்கிற மாதிரி துள்ளியது. செத்த மீன் அதன் பக்கத்தில், தாடையில் சணலோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கிடந்தது. 

துரை முதலில் உயிருள்ள மீனைத் தொட்டார். அது செத்ததைவிட ஒரு சாண் நீளம். கீழ்த்தாடை கொக்கி மாதிரி மேலே வளைந்திருந்தது. அப்படி ஒரு மீனை அந்த ஆற்றில் நான் பார்த்ததே இல்லை.

"இவன்தான் பெரியவன்" என்றார் துரை. "கல்லுக்கு அடியில உள்ளவன். உன்கிட்ட காட்டினேனே."

பிறகு செத்த மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். அதன் வாயிலிருந்து கூழாங்கல் விழுந்தது.

"இது என்னா?"

ஊரையே சிரிக்க வைக்கிற வாய் எனக்கு. அன்றைக்கு அதில் உண்மைதான் வந்தது. "நேத்து நான் கொன்னுட்டேங்க தொர. இதத்தான் காவல் காக்கச் சொன்னீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

வி.ஏ. துரை இங்கிலீஷில் கேட்டார். துரை இங்கிலீஷில் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வி.ஏ. துரை காதில் விழுந்த மாதிரியும் இல்லை. அவர் தன்னுடைய மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் பங்களாவுக்குக் கொண்டு போ" என்றார் துரை. "கம்பை அங்க வச்சிட்டுப் போ. நாளைக்கு ஆத்துக்கு வர வேண்டாம்."

மறுநாள் பெரட்டில் கவ்வாத்து ஆட்களோடு சேர்த்து என் பேரைக் கூப்பிட்டார்கள். ஆற்றுக்கு வேறு ஆள் போட்டார்கள். காம்பராவைக் காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அங்கேயே எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. "மீன் போனா நீயும் போ" என்று துரை சொன்ன மீன் போகவில்லை; மூன்று வாரம் நான் காவல் காத்ததுதான் வேறு மீன்.